பொருள்: காயிலோவர், ரைடு ஹைட், பிரீலோட் – தமிழ்ச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். காரின் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள வில்–தணிப்பான் அமைப்பு, பற்றிய மூன்று சொற்களுக்கு இங்கே முன்வைத்த தமிழ்ச் சொற்கள் இவை:

> காயிலோவர் = மேற்சுருள்
> ரைடு ஹைட் = சவாரி உயரம்
> பிரீலோட் = முன்சுமை

மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இந்தச் சொற்களைப் படித்துவிட்டு ஒருவர் ஸ்பானரோடு சக்கரத்தருகே உட்காரப் போகிறார். அவர் மனத்தில் தவறான படம் பதிந்துவிடக் கூடாது.

முதலில் காயிலோவர். இதில் சுருள்வில் எதற்கும் மேலே உட்கார்ந்திருக்கவில்லை, தணிப்பானைச் (டாம்பர்) சுற்றி நிற்கிறது. தணிப்பானின் உடலில் வெளிப்புறமாக மரை (திருகுப் புரி) வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்கும் வளையம்தான் வில்லின் கீழ்முனையைத் தாங்குகிறது. அதனால் 'சுருள்சூழ் தணிப்பான்' என்று சொல்லலாம். 'கடல்சூழ் உலகு' பழகிய காதுக்கு இது உறுத்தாது.

தணிப்பானுக்கு 'அதிர்வேற்பி' (ஷாக் அப்சார்பர்) என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். மேடுபள்ளத்தில் விழும் அடியை ஏற்பது வில். அதன்பின் வில் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் வெப்பமாக்கி அடக்குவதுதான் தணிப்பானின் வேலை. அப்புறம், சஸ்பென்ஷன் என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு தரும் 'இடைநீக்கம்' வேண்டவே வேண்டாம். அது வேலையிலிருந்து ஒருவரை நிறுத்திவைப்பது. 'தொங்கல் அமைப்பு' போதும்.

ரைடு ஹைட்டுக்கு 'நிலையுயரம்' என்கிறேன். வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளப்பது அது. சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளந்தால் டயர் காற்று கூடக்குறைய இருந்தாலும் அந்த அளவு அநேகமாக மாறாது. தரையிலிருந்து அளந்தால் மாறும். 'சவாரி' என்ற சொல் ஓடும் வண்டியை நினைவூட்டுகிறது. ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளப்பதும் தவறு. வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, தொங்கல் அமைப்பு தன் நிலைக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும். 'நிலை' என்ற சொல்லிலேயே இந்த எச்சரிக்கையும் வந்துவிடுகிறது.

பிரீலோட், அதாவது சக்கரம் தொங்கும்போதே வில்லில் இருக்கும் அழுத்தம், அதுதான் எனக்கு முக்கியம். 'முன்சுமை' என்றால் வளையத்தை ஏற்றும்போது வில்லின் மேல் கூடுதல் சுமை ஏறுகிறது என்று படிப்பவர் நினைப்பார். இருபக்கமும் ஒரே அளவு ஏற்றினால், வண்டி நிற்கும்போது வில் தாங்குவது முன்பு தாங்கிய அதே எடையைத்தான். ஆகவே வில்லின் நீளமும் முன்பிருந்த அளவே; வண்டிதான் மேலே போகிறது. வில் கடினமாவதும் இல்லை. மாறுவது வேறு: தணிப்பானின் தண்டு தன் ஓட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. மேலே ஏற்றினால் சக்கரம் கீழே தொங்க இடம் குறையும். இறக்கினால் அடி வாங்க இடம் குறையும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது வில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதே பிரீலோட். அதற்கு 'முன்னிறுக்கம்' பொருந்தும். கீழ்த் தாங்கியே மரையில் நகரும் வகையில் முன்னிறுக்கத்தைத் தொடாமலே நிலையுயரத்தை மாற்றலாம். இரண்டுக்கும் ஒட்டாத தனிச் சொற்கள் இருந்தால்தான் இதை ஒரே வரியில் எழுத முடியும்.

---

> சுருக்கமாக 'சூழ்வில்' என்று வைக்கலாமா? நான்கு பக்கமும் ஒரே உயரம் என்பதற்கு 'சமநிலை' என்பது என் எண்ணம்.

'சூழ்வில்' அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் 'சூழ்வு' என்ற சொல்லோடு வேற்றுமை உருபு சேர்ந்தது போலவும் வாசிக்க முடிகிறது. முதலில் முழுப்பெயர், பிறகு சுருக்கம் என்றால் குழப்பம் இருக்காது. ஏற்றுக்கொள்கிறேன்.

'சமநிலை'யை மட்டும் ஏற்க முடியவில்லை. உயரம் சமமாக இருப்பதும் சுமை சமமாக இருப்பதும் வேறுவேறு. நான்கு கால் மேசையின் ஒரு காலுக்கடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள காலும் சுமையை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் லேசாகும். காரிலும் இதுதான் நடக்கும். முன்னிடது பக்கம் 5 மி.மீ. தாழ்ந்திருக்கிறதே என்று அந்த ஒரு வளையத்தை மட்டும் ஏற்றினால் முன்னிடதும் பின்வலதும் கனக்கும். அளவுநாடாவில் எல்லாம் சரி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது லேசான சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளலாம். இதைச் 'சமநிலை' என்று அழைத்தால் வேலை முடிந்தது என்று படிப்பவர் எழுந்துவிடுவார். உயரத்துக்குச் 'சமவுயரம்', ஒவ்வொரு சக்கரமும் தாங்குவதற்கு 'மூலைச்சுமை', எதிரெதிர் மூலைகளின் கூட்டுக்கு 'மூலைவிட்டச் சுமை' என்று பிரித்துவிடலாம். மூலைவிட்டம் பள்ளிக் கணக்கிலேயே எல்லோருக்கும் தெரிந்த சொல்.

---

> மரையை எண்ணி இருபக்கமும் ஒரே அளவு வைத்தால் போதாதா?

தொடக்கத்துக்கு அது நல்ல வழி, முடிவு அதுவல்ல. ஓட்டுநர் ஒருபக்கம் உட்காருகிறார், பேட்டரி ஒருபக்கம் இருக்கிறது, வண்டியின் சட்டமும் அச்சில் வார்த்ததுபோல இருபக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. இதோடு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது: மோஷன் ரேஷியோ, அதாவது சக்கரம் நகரும் அளவுக்கு வில் எவ்வளவு நகர்கிறது என்ற விகிதம். வில் கீழ்க்கையின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்ப்புறக் கை) நடுவில் ஊன்றியிருந்தால், இருபக்கமும் வளையத்தை 10 மி.மீ. ஏற்றும்போது வண்டி ஏறக்குறைய 20 மி.மீ. உயரும். வில்லும் தணிப்பானும் சக்கரத்தின் தாங்கியோடு நேராக இணையும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 'நகர்வு விகிதம்' என்று போடுகிறேன். நல்ல மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

சொற்களைச் சோதிக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"தாங்கு வளையம் நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தைத் தளர்த்துமுன் மரையைத் துடைத்துச் சுத்தம் செய்க. சமதளத்தில், ஓட்டுநர் எடையோடு நிலையுயரத்தை அளக்க. தாங்கு வளையங்களை இணையிணையாகத் திருப்பிச் சமவுயரத்துக்குக் கொண்டுவருக. சக்கரம் தொங்கும்போது முன்னிறுக்கம் முற்றிலும் போய் வில் தளர்ந்து ஆடக் கூடாது. மூலைச்சுமை பார்ப்பதாக இருந்தால் சாய்வுத்தடுப்புத் தண்டின் (ஆன்டி-ரோல் பார்) இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்க. கடைசியாகச் சக்கரக் கோணங்களையும் முகப்பு விளக்கின் குறியையும் மீண்டும் சரிசெய்க."

'சாய்வுத்தடுப்புத் தண்டு' மட்டும் நீளம். மற்றவை வாசிக்கத் தடங்கவில்லை என்று நினைக்கிறேன்.