புதுப்பிப்பு: ஆட்டோகேடில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கோடுகள் போய்விட்டன

முந்தைய கேள்வி இதுதான்: வாடிக்கையாளர் அனுப்பிய டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பில் ஒரே கோடு இரண்டு தடவை இருக்கிறது, லேசர் அதே இடத்தை மறுபடியும் வெட்டி விளிம்பைக் கருக்குகிறது, என்ன செய்யலாம்? பலரும், இரட்டைக் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளையைச் சொன்னீர்கள். நன்றி. (2012 பதிப்புக்கு முன்பு இது எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்ற கூடுதல் கருவித் தொகுப்பில் இருந்ததாம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அங்கே தேடுங்கள்.)

ஆனால் அது முதலில் பாதியைத்தான் நீக்கியது. மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸில் பார்த்தால், மேலிருந்து ஒன்றாகத் தெரிந்த கோடுகளுக்கு இசட் மதிப்பு (உயரம்) வேறு வேறு. ஒன்று 0, இன்னொன்று 3. உயரம் மாறினால் அது வேறு கோடுதானே, மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஃபிளாட்டன் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஓவர்கில் ஓட்டினேன், சுத்தமாகிவிட்டது.

பிளாக்கின் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த தொகுப்பு) உள்ளே இருக்கும் இரட்டைக் கோடுகளை ஓவர்கில் தொடாது. பிளாக் எடிட்டரில் திறந்து அங்கே தனியாக ஓட்ட வேண்டும். பூட்டிய லேயர்களையும் (வரைபட அடுக்குகள்) முன்கூட்டியே திறந்துவிடுங்கள்.

டாலரன்ஸை (எவ்வளவு நெருக்கமான கோடுகளை ஒன்றாகக் கருதுவது என்ற அளவு) ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. நெருக்கமாக, வேண்டுமென்றே போட்ட கோடுகளும் அதில் காணாமல் போகும். லேயரைப் புறக்கணிக்கும் பெட்டியையும் டிக் செய்யவில்லை. வெட்டுக்கோடும் பொறிப்புக்கோடும் வெவ்வேறு லேயரில் இருக்கும் வரைபடத்தில் அது ஆபத்து.

கோப்பை வெட்டுக்கு அனுப்பியாயிற்று.