கிளவுட் சேமிப்பில் (கோப்புகளை இணையத்தில் வைக்கும் சேவையில்) சிறிய கட்டணத் திட்டங்கள் வேண்டுமா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

காவிரிக்கரை எழுதியது:

என் தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டுத் தவணை நினைவூட்டல், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அவருக்கு ஒரே மின்னஞ்சல் கணக்கில்தான் வந்து சேரும். இலவச அளவை அவர் தாண்டியது இரண்டு மூன்று ஜிபி மட்டுமே. ஆனால் நிரம்பிய கணக்குக்குப் புதிய அஞ்சல் எதுவும் வராது என்பது, காப்பீட்டு முகவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நான் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டதே" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது.

பணம் கட்டிவிடலாம் என்று பார்த்தபோது, அன்று அங்கே இருந்த மிகச் சிறிய திட்டமே அவருடைய தேவையைப் போலப் பல மடங்கு பெரியதாக இருந்தது. மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதை அழிப்பது எதை வைப்பது என்று அவர் முடிவெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பணம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்குத் தகுந்த அளவில் விற்க ஒன்றும் இல்லை என்பது சரியான வணிகமாக எனக்குத் தோன்றவில்லை.

நெல்லைச்சீமை எழுதியது:

நான் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "ஸ்டோரேஜ் ஃபுல்" என்ற அறிவிப்போடு வருபவர்கள் முன்பும் உண்டு என்றாலும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாட்ஸ்ஆப் காப்புப்பிரதியும் கூகுளின் 15 ஜிபி கணக்கிலேயே சேரும் என்ற மாற்றம் 2024-இல் பரவலாக நடைமுறைக்கு வந்த பிறகு அவர்களின் எண்ணிக்கை கண்கூடாகக் கூடிவிட்டது. கூகுள் போட்டோஸில் தரம் குறைத்த படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியே நின்றுபோனதால், இரண்டு சுமையும் ஒரே இடத்தில் ஏறுகின்றன.

பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "புதுசா ஒரு ஐடி போட்டுக் கொடுங்க தம்பி." சிறிய திட்டம் இல்லாத இடத்தில் மக்கள் கண்டுகொண்ட வழி இது. அதன் விளைவு பின்னால் தெரியும். எங்கள் தெருவில் தையல் கடை நடத்தும் அக்கா ஒருவர், ரவிக்கைக் கழுத்து மாதிரிகளையும் அளவு நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து இரண்டாவது கணக்கில் வைத்திருந்தார். அந்தக் கணக்கோடு இணைத்திருந்த எண் ரீசார்ஜ் செய்யாததால் கைமாறிவிட்டது. கைபேசி பழுதானபோது கடவுச்சொல்லை மீட்க வழியே இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு முந்நூறு ரூபாய் என்றிருந்தால் அன்றே கட்டியிருப்பேன் என்று அவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன்.

மலைச்சாரல் எழுதியது:

எங்கள் வீட்டில் கூகுளின் 1,300 ரூபாய் ஆண்டுத் திட்டத்தில் 100 ஜிபி வாங்கி, நான் உட்பட ஆறு பேர் பகிர்ந்துகொள்கிறோம். ஆளுக்கு ஏறத்தாழ 217 ரூபாய்தான் ஆகிறது. குடும்பமாக இருப்பவர்களுக்குச் சிறிய திட்டத்தைவிட இதுவே மலிவு என்பது என் அனுபவம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மலைச்சாரல் சொல்வது சரியே. ஆனால் அதற்குக் கணக்கை நிர்வகிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். தனியே வாழும் முதியவருக்கும் விடுதியில் இருக்கும் மாணவருக்கும் அது பொருந்தாது.

சந்தா வசூலிக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில், நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதைச் சொல்கிறேன். சேமிப்பிடத்தின் விலை இங்கே தடையே இல்லை. சேமிப்பிடத்தை வாடகைக்கு விடும் பேக்பிளேஸ் நிறுவனம் 2023-இல் அறிவித்த விலைப்படி ஒரு டிபிக்கு (1,000 ஜிபி) மாதம் 6 டாலர். அந்தக் கணக்கில் 20 ஜிபிக்கு 12 சென்ட்தான். தடையாக இருப்பது பணம் வாங்கும் செலவு. அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 30 சென்ட்டும் 2.9 சதவீதமும் என்பது அமெரிக்காவில் பரவலான கட்டணம். அதன்படி 99 சென்ட் வசூலித்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். வாடிக்கையாளர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துவிட்டால் மீதியும் தீர்ந்துபோகும்.

இதற்கு விடை ஆண்டுக் கட்டணம். கூகுள் 2009-இல் 20 ஜிபியை ஆண்டுக்கு 5 டாலருக்கு விற்றது. வன்தட்டின் விலை இன்றைவிட மிக அதிகமாக இருந்த காலம் அது. 2012-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தி, 25 ஜிபிக்கு மாதம் 2.49 டாலர் என்று மாற்றினார்கள். பழைய சந்தாதாரர்கள் பலர் பழைய திட்டத்தையே விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் வசூல் செலவும் பெரிய காரணமாக இருக்க முடியாது. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு எம்டிஆர் கட்டணம் (பணம் பெறும் வணிகரிடம் பிடிக்கும் கட்டணம்) நீக்கப்பட்டுவிட்டது.

டிராப்பாக்ஸில் இலவசமாகக் கிடைப்பது 2 ஜிபி. தனிநபருக்கான அடுத்த படி 2 டிபி. இடையில் ஒன்றுமே இல்லை. ஆப்பிள் 2011-இல் கொடுத்த அதே 5 ஜிபியைத்தான் இன்றும் இலவசமாகத் தருகிறது. ஆனால் மாதம் 75 ரூபாய்க்கு 50 ஜிபி என்ற படியாவது அங்கே இருக்கிறது. கூகுளும் 2024-இல் மாதம் 59 ரூபாய்க்கு 30 ஜிபி தரும் லைட் திட்டத்தை இந்தியாவில் கொண்டுவந்தது. ஜிபி கணக்கில் பார்த்தால் அது கூகுளின் மாதம் 130 ரூபாய்க்கு 100 ஜிபி என்ற திட்டத்தைவிட விலை அதிகம்தான். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கடலூரில் சின்னி கிருஷ்ணன் சிறு உறையில் அடைத்த ஷாம்பூவை வாங்கியவர்கள் மில்லிலிட்டர் கணக்கு பார்த்து வாங்கவில்லை. கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததால் வாங்கினார்கள்.

நான் கேட்பது 20 அல்லது 25 ஜிபி, ஆண்டுக்கு ஒரே கட்டணம், யுபிஐயில் ஒருமுறை கட்டினால் போதும் என்ற வசதி, முடிவதற்கு முன் குறுஞ்செய்தியில் நினைவூட்டல். தானாகப் புதுப்பிப்பது விரும்புகிறவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் சிறிய அளவு விற்கும் சேவை எதையாவது நம் உறுப்பினர்கள் பயன்படுத்தியிருந்தால், விலையோடும் கட்டிய முறையோடும் இங்கே எழுதுங்கள்.