நான்கு புளூரின், மூன்று வடிவம்: சூத்திரம் சரியாகப் போட்டும் விடை தவறுகிறது, உதவி தேவை

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

வணக்கம். பிளஸ் ஒன், தமிழ் வழி. வேதிப் பிணைப்புகள் பாடத்தில் மூலக்கூறு வடிவம் கேட்டாலே விடை பாதி நேரம் தவறாகப் போகிறது. எந்த இடத்தில் தவறுகிறது என்று தெரியவில்லை.

கார்பன் டெட்ராபுளூரைடு, சல்பர் டெட்ராபுளூரைடு, செனான் டெட்ராபுளூரைடு. மூன்றிலுமே நடு அணுவைச் சுற்றி நான்கு புளூரின்தான். ஆனால் விடைக்குறிப்பில் முதலாவது நான்முகி, இரண்டாவது சீசா வடிவம், மூன்றாவது சதுரத் தளம்.

டியூஷனில் கொடுத்த சூத்திரத்தைத்தான் போட்டேன். நடு அணுவின் இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்கள், அதோடு ஒற்றைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும் அணுக்களின் எண்ணிக்கை, இரண்டையும் கூட்டி 2ஆல் வகுக்க வேண்டும். அயனியாக இருந்தால் நேர்மின்சுமையைக் கழித்து, எதிர்மின்சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கார்பன்: (4 + 4) / 2 = 4, நான்முகி. இது சரி.
சல்பர்: (6 + 4) / 2 = 5, முக்கோண இருபிரமிடு என்று எழுதினேன். தவறு.
செனான்: (8 + 4) / 2 = 6, எண்முகி என்று எழுதினேன். தவறு.

சூத்திரமே தப்பா, நான் போட்ட விதம் தப்பா?

நீட்_இரண்டாம்முறை:

தம்பி, இதற்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். 5 வந்து ஒரு தனித்த இரட்டை (எந்த அணுவோடும் பிணையாத எலக்ட்ரான் இரட்டை) என்றால் சீசா, இரண்டு என்றால் டி வடிவம், மூன்று என்றால் நேர்கோடு. 6 வந்து ஒன்று என்றால் சதுரப் பிரமிடு, இரண்டு என்றால் சதுரத் தளம். அட்டவணையைப் போட்டு மனப்பாடம் செய்துவிடு.

கரும்பலகை:

மேலே சொன்ன அட்டவணை சரியானதுதான். ஆனால் தம்பி கேட்டது வேறு.

உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சூத்திரம் சொல்வது நடு அணுவைச் சுற்றி எத்தனை திசைகளில் எலக்ட்ரான் இரட்டைகள் நிற்கின்றன என்பதை மட்டும்தான். 5 திசை, 6 திசை எல்லாம் சரி. நீ அதோடு நின்றுவிட்டாய். இன்னொரு படி இருக்கிறது: அந்தத் திசைகளில் எத்தனையில் அணு இருக்கிறது, எத்தனை வெறுமனே தனித்த இரட்டை?

சல்பரைச் சுற்றி 5 இரட்டைகள், அவற்றில் 4 புளூரினோடு பிணைந்தவை, 1 தனித்தது. செனானைச் சுற்றி 6, அவற்றில் 4 பிணைந்தவை, 2 தனித்தவை. கார்பனில் மிச்சமே இல்லை. அதனால்தான் கார்பனுக்கு மட்டும் உன் விடை தானாகச் சரியாக வந்தது.

வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் இருக்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறோம். தனித்த இரட்டை இடத்தை அடைத்துக்கொள்ளும், மற்றவற்றைத் தள்ளும், பெயரில் மட்டும் வராது. நீர் மூலக்கூறுக்கு நீ 'நான்முகி' என்று எழுதுவதில்லையே? அங்கேயும் (6 + 2) / 2 = 4தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பார்த்துப் பழகிய மூலக்கூறு என்பதால் கை தானாக 'வளைந்தது' என்று எழுதிவிடுகிறது.

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

சார், இது புரிகிறது. ஆனால் அடுத்த சந்தேகம். 5 முனைகளில் ஒன்றை மறைக்க வேண்டும் என்றால் எந்த முனையை மறைப்பது? மேல் முனையை மறைத்தால் மூன்று கால் முக்காலி மாதிரி வருகிறது. பக்கத்து முனையை மறைத்தால்தான் சீசா. ஏன் பக்கத்தில்?

கரும்பலகை:

நல்ல கேள்வி. அட்டவணையை மனப்பாடம் செய்கிறவர்கள் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான்.

வீட்டில் சப்பாத்தி மாவு இருந்தால் ஒரு உருண்டை எடுத்துக்கொள். விளக்குமாற்றிலிருந்து ஐந்து ஈர்க்குச்சி. மூன்றை ஒரே தளத்தில் சம இடைவெளியில் குத்து, இடையில் 120 டிகிரி. மீதி இரண்டை அந்தத் தளத்துக்கு நேர் மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று. தளத்தில் இருக்கும் மூன்றும் நடுவரை நிலை, மேலும் கீழும் இருப்பவை அச்சு நிலை.

இப்போது மேல் குச்சியைத் தனித்த இரட்டை என்று வைத்துக்கொள். 90 டிகிரியில் அதை நெருக்கிக்கொண்டு இருப்பவை எத்தனை? தளத்தில் இருக்கும் மூன்றும். அடுத்து, தளத்துக் குச்சி ஒன்றைத் தனித்த இரட்டை என்று வை. 90 டிகிரியில் இருப்பவை மேல், கீழ் இரண்டு மட்டும். தளத்தில் உள்ள மற்ற இரண்டும் 120 டிகிரி தள்ளி நிற்கின்றன, அவ்வளவு தொந்தரவு இல்லை. தனித்த இரட்டைக்கு ஒரே ஓர் அணுக்கருவின் பிடிதான் என்பதால் அது நடு அணுவை ஒட்டிப் பரந்து கிடக்கும், இடம் அதிகம் கேட்கும். ஆகவே 90 டிகிரி நெருக்கம் குறைவாக உள்ள நடுவரை நிலையை எடுத்துக்கொள்கிறது.

மிஞ்சிய நான்கு குச்சிகளோடு உருண்டையைப் படுக்கவைத்துப் பார். அச்சில் உள்ள இரண்டும் பலகை, தளத்தில் உள்ள இரண்டும் கால். சீசா வந்துவிட்டதா? உண்மை மூலக்கூறில் அந்தப் பலகை கொஞ்சம் வளைந்தும் இருக்கும். அச்சுப் புளூரின்களுக்கு இடையிலான கோணம் 180 அல்ல, சுமார் 173 டிகிரி. கால்களுக்கு இடையே 120 அல்ல, சுமார் 102. இரண்டுமே தனித்த இரட்டை தள்ளுவதால் வருவது.

செனானுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். எண்முகியில் ஆறு முனைகளும் ஒன்றுபோலத்தான். முதல் தனித்த இரட்டை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இரண்டாவது அதற்குப் பக்கத்தில் 90 டிகிரியில் நிற்குமா, நேர் எதிரே 180இல் நிற்குமா? எதிரேதான். மிச்ச நான்கு புளூரினும் ஒரே தளத்தில், சதுரமாக.

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

மாவு உருண்டை செய்து பார்த்தேன், சீசா வந்தது! அம்மா திட்டினார்கள், அது வேறு கதை.

ஆனால் சார், தனித்த இரட்டையை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே. சல்பர் டெட்ராபுளூரைடு நான்முகி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? தள்ளும் என்று நாமாகச் சொல்லிக்கொள்வதுதானா?

ஆய்வக_அக்கா:

நான் எம்எஸ்சி வேதியியல். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

முதல் ஆதாரம் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாக எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்ற அளவு. நான்முகியாக இருந்தால் நான்கு பிணைப்புகளின் இழுப்பும் ஒன்றை ஒன்று சமன்செய்து மொத்தம் பூஜ்ஜியம் ஆகிவிட வேண்டும். கார்பன் டெட்ராபுளூரைடில் அப்படித்தான். சதுரத் தளத்திலும் எதிரெதிர் இழுப்பு அடிபட்டுப் பூஜ்ஜியம், செனான் சேர்மத்தில் அதுதான் நடக்கிறது. சல்பர் டெட்ராபுளூரைடில் அளந்தால் சுமார் 0.63 டிபை (அதன் அலகு) வருகிறது. பூஜ்ஜியம் இல்லை என்ற ஒன்றே போதும், நான்முகியும் சதுரத் தளமும் அங்கேயே அடிபட்டுப்போகின்றன.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. சீசாவில் பலகைப் புளூரின் இரண்டும் ஒரு வகை, கால் புளூரின் இரண்டும் இன்னொரு வகை. நன்றாகக் குளிர்வித்து புளூரினின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையை எடுத்தால் இரண்டு வகைக்கும் தனித்தனிச் சைகை தெரியும். அறை வெப்பநிலையில் எடுத்தால் ஒன்றுதான் தெரியும், ஏனென்றால் புளூரின்கள் பலகை இடத்தையும் கால் இடத்தையும் மிக வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பாடப்புத்தகப் படம் அசையாமல் நிற்பதால் மூலக்கூறும் அப்படியே நிற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

பிணைப்பு நீளமும் வேறு. அச்சுப் பிணைப்பு சுமார் 165 பிக்கோமீட்டர், நடுவரைப் பிணைப்பு சுமார் 155.

அப்புறம் ஒரு கூடுதல் தகவல். எலக்ட்ரான் இரட்டைகளின் எண்ணிக்கைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற யோசனையை 1940இல் சிட்விக், பவல் இருவரும் முன்வைத்தார்கள். 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை விரித்து எழுதினார்கள், தனித்த இரட்டை அதிகம் தள்ளும் என்பதெல்லாம் நம் பாடத்துக்கு வந்தது அந்த வழியில்தான். அப்போது செனான் சேர்மம் ஒன்றுகூடக் கிடையாது. 1962இல் பார்ட்லெட் முதல் செனான் சேர்மத்தைச் செய்தார், அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் செனான் டெட்ராபுளூரைடும் வந்தது. அளந்து பார்த்தபோது சதுரத் தளம். சேர்மத்துக்கு முன்பே கொள்கை இருந்தது என்பதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

நீட்_இரண்டாம்முறை:

அக்கா, தேர்வில் 1962 எல்லாம் கேட்க மாட்டார்கள் 😄

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம். நீரில் 104.5 டிகிரி. ஹைட்ரஜன் சல்பைடில் 92 டிகிரி. இரண்டிலும் இரண்டு பிணைப்பு இரட்டை, இரண்டு தனித்த இரட்டை. இரண்டுமே எஸ்பி3 (ஓர் எஸ், மூன்று பி ஆர்பிட்டால்கள் கலந்த இனக்கலப்பு) என்றால் 12 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஆய்வக_அக்கா:

இரண்டுமே எஸ்பி3 என்பதுதான் சிக்கல்.

ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகம். பிணைப்பு இரட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. நடு அணுவுக்குப் பக்கத்தில் இரண்டு இரட்டைகள் நெருங்கி நின்றால் ஒன்றை ஒன்று நன்றாகத் தள்ளும், கோணம் விரியும். சல்பர் பெரிய அணு, இழுப்பும் குறைவு. பிணைப்பு இரட்டைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, அதனால் அவற்றுக்குள் தள்ளுமுள்ளு குறைவு. தனித்த இரட்டைகள் தாராளமாக இடம் எடுத்துக்கொண்டு கோணத்தைச் சுருக்கிவிடுகின்றன.

அம்மோனியா 107, பாஸ்பீன் சுமார் 93.5 என்பதும் இதே கதை. நடு அணுவை மாற்றாமலும் இதைப் பார்க்கலாம். நைட்ரஜன் டிரைபுளூரைடில் கோணம் சுமார் 102. அம்மோனியாவைவிடக் குறைவு, ஏனென்றால் புளூரின் பிணைப்பு இரட்டையை நைட்ரஜனிடமிருந்து வெளியே இழுத்துவிடுகிறது.

ஹைட்ரஜன் சல்பைடில் 92 என்பது 90க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். பி ஆர்பிட்டால்கள் இயல்பாகவே 90 டிகிரியில்தான் நிற்கின்றன. அங்கே பிணைப்புகள் பெரும்பாலும் பி ஆர்பிட்டால்களாலேயே ஆகின்றன, எஸ் பெரிதாகக் கலப்பதில்லை. கோச்சிங்கில் ட்ராகோ விதி என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

என் கருத்து: இனக்கலப்பிலிருந்து வடிவத்துக்குப் போகாதீர்கள். வடிவமும் கோணமும் அளந்து வந்தவை. அவற்றுக்குப் பொருந்தும்படி நாம் பின்னால் எழுதுவதுதான் இனக்கலப்பு. எஸ்பி3டி என்று சல்பருக்கு எழுதுகிறோமே, கணக்கிட்டுப் பார்த்தால் அங்கே டி ஆர்பிட்டாலின் பங்கு மிகக் குறைவு.

கரும்பலகை:

மேடம் சொல்வது சரி. ஆனால் தம்பி, தேர்வில் சல்பர் டெட்ராபுளூரைடின் இனக்கலப்பு கேட்டால் எஸ்பி3டி என்றே எழுது. அங்கே இந்த விவாதத்தை ஆரம்பித்தால் மதிப்பெண் போய்விடும்.

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

சரி சார். இன்னொன்று. கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு, சல்பர் டை ஆக்சைடு வளைவு. இதற்கு உங்கள் முறையில் சூத்திரம் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருப்பதால் கூட்டவில்லை. கார்பன் 4/2 = 2, இரண்டிலும் ஆக்சிஜன், நேர்கோடு. சல்பர் 6/2 = 3, இரண்டில் ஆக்சிஜன், ஒன்று தனித்தது, அதனால் வளைவு. சரியா?

நைட்ரஜன் டை ஆக்சைடு போட்டால் 5/2 = 2.5 வருகிறது. அரை இரட்டை என்று ஒன்று உண்டா?

ஆய்வக_அக்கா:

சல்பர் டை ஆக்சைடு சரி, கோணம் சுமார் 119 டிகிரி. இரட்டைப் பிணைப்பை ஒரே திசை என்று எண்ண வேண்டும் என்பதை நீயே பிடித்துவிட்டாய்.

2.5 வந்ததும் தவறு இல்லை. அங்கே நைட்ரஜனில் ஒற்றை எலக்ட்ரான் ஒன்று தனியாக நிற்கிறது. அதுவும் ஒரு திசையை எடுத்துக்கொள்ளும், ஆனால் முழு இரட்டை அளவுக்குத் தள்ளாது. மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்:

அந்த எலக்ட்ரானை எடுத்துவிட்டால் கிடைக்கும் நைட்ரோனியம் அயனி, 180 டிகிரி.
ஒற்றை எலக்ட்ரானோடு இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு, சுமார் 134.
இன்னொரு எலக்ட்ரானைச் சேர்த்தால் வரும் நைட்ரைட் அயனி, சுமார் 115.

எலக்ட்ரான் ஒவ்வொன்றாகச் சேரச் சேரக் கோணம் மடங்குகிறது. தனித்த எலக்ட்ரான் தள்ளுகிறதா என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த மூன்றைத்தான்.

கரும்பலகை:

தம்பி, இப்போது அட்டவணை பார்க்காமல் இரண்டு கணக்கு போடு. குளோரின் டிரைபுளூரைடு, டிரை அயோடைடு அயனி.

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

குளோரின்: (7 + 3) / 2 = 5. மூன்று புளூரின், இரண்டு தனித்த இரட்டை. தனித்தவை இரண்டும் நடுவரை நிலையில். மிச்சம் மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று. டி வடிவம். தனித்தவை தள்ளுவதால் 90க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிரை அயோடைடு: நடு அயோடின் 7, இரண்டு அயோடின், எதிர்மின்சுமை 1. (7 + 2 + 1) / 2 = 5. மூன்று தனித்தவையும் நடுவரைத் தளத்தில். அணுக்கள் மேலும் கீழும். நேர்கோடு.

கரும்பலகை:

இரண்டும் சரி. குளோரின் டிரைபுளூரைடில் அந்தக் கோணம் 87.5 டிகிரி.

நீட்_இரண்டாம்முறை:

அப்போது செனான் ஆக்சிடெட்ராபுளூரைடு? நான்கு புளூரின், ஒரு ஆக்சிஜன். என் அட்டவணையில் அது இல்லை.

பிளஸ்ஒன்_பெஞ்ச்3:

அண்ணா, நான் போடுகிறேன். ஆக்சிஜனைக் கூட்டக் கூடாது. (8 + 4) / 2 = 6. ஐந்தில் அணு, ஒன்று தனித்தது. சதுரப் பிரமிடு. ஆக்சிஜன் உச்சியிலா, அடிச்சதுரத்திலா?

ஆய்வக_அக்கா:

உச்சியில். இரட்டைப் பிணைப்பும் இடம் அதிகம் கேட்கும். அதுவும் தனித்த இரட்டையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே நின்றுவிடுகின்றன, நான்கு புளூரினும் நடுவில் சதுரமாக.