கசப்பு அளந்த வருஷம்

லேப் வேலை அனுபவம் என்றால் எல்லாரும் ரத்தம் எடுத்த கதையாகவே சொல்கிறீர்கள். நான் ஊசியைத் தொடாமலே ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் சம்பளம் வாங்கினவன். கோத்தகிரி பக்கம் ஒரு சுவை ஆராய்ச்சி. ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர்களை அப்படித்தான் சொல்வார்கள்) போய் யாருக்குக் கசக்கிறது, யாருக்குக் கசக்கவில்லை என்று குறிப்பதுதான் வேலை.

பி.டி.சி. என்று ஒரு ரசாயனம். சிலருக்கு வேப்பங்காய், சிலருக்குப் பச்சைத் தண்ணீர். 1931 வாக்கில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் அதைக் கையாளும்போது தூள் பறந்து, பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தாராம். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாக்கிலுள்ள ஒரு கசப்பு ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதுதான் முக்கியக் காரணம்.

லிட்டருக்கு 1.3 கிராம் கலந்தது முதல் பாட்டில். அதிலிருந்து பாதிக்குப் பாதி நீர்த்துக்கொண்டே போனால் 14-வது பாட்டில். ஆரம்பிப்பது 14-லிருந்து. ஒரு வாய் வைத்துத் துப்ப வேண்டும். கசக்கிறது என்றதும் நம்பிவிடக் கூடாது: நான்கு கப்பில் மருந்து, நான்கில் வெறும் தண்ணீர், கலைத்து வைத்துப் பிரிக்கச் சொல்வோம்.

இரண்டு தொல்லை. ஒன்று குளிர், சில்லென்று கொடுத்தால் நாக்கு மந்தமாகிவிடும். ஒரு நாள் பாட்டில்களை வெதுவெதுப்பாக்க மறந்து, அன்றைய தாள்கள் மொத்தமும் குப்பைக்குப் போயின. திட்டு எனக்குத்தான். இன்னொன்று டீ. ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காதீர்கள் என்று முன்னாடியே சொல்லியிருப்போம். வாசல் மிதித்ததும் நமக்கும் சேர்த்து டீ வரும். மறுக்கவா முடியும்?

ஒரு வீட்டில் வயதான தம்பதி. பெரியவர் 14-லிருந்து முதல் பாட்டில் வரை வந்துவிட்டார். "தண்ணிதானே தம்பி. நான் ஃபெயிலா?" என்றார். அந்த அம்மா 10-வதிலேயே எழுந்து கொல்லைக்கு ஓடினார். எட்டுக் கப்பையும் பிசகாமல் பிரித்தார்.

"முட்டைக்கோஸ், நூக்கல் எல்லாம் கசக்குதுன்னா யாரும் நம்ப மாட்டாங்க தம்பி. நான் நடிக்கிறேன்னு மாமியார் சாகிற வரைக்கும் சொன்னாங்க."

அந்தக் காய்களின் கசப்பிலும் அதே ஏற்பிக்குப் பங்கு உண்டு என்றேன்.

"அதை ஒரு சீட்டுல எழுதிக் குடு."

எழுதித் தர எனக்கு அனுமதியில்லை. பாட்டில் நம்பரை மட்டும் சொன்னேன். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, படுகு மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பெரியவர் மட்டும் தலையைக் குனிந்து சிரித்தார்.