ஓசூரா, ஒரகடமா, கோவையா? அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார்

கேள்வி: கரிசல்மண்

வணக்கம். எனக்கு வயது 39. கோவில்பட்டியில் ஒரு சிறிய பட்டறையில் விஎம்சி இயந்திரத்தில் (கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டுவது) செட்டராக, அதாவது வேலைக்கு ஏற்ப அதைத் தயார் செய்பவனாக இருக்கிறேன், புரோகிராமும் நானே எழுதுகிறேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது, எடுத்து நடத்த ஆள் இல்லை. மே மாதத்தோடு மூடிவிடுவதாகப் பொங்கலுக்கு முன்பே எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்று இடங்களுக்கு நேர்காணலுக்குப் போனேன். மூன்றிலுமே வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்னை பக்கம் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, கையில் 46,000 ரூபாய் வரும். ஓசூர் சிப்காட்டிலும் அதே மாதிரி வேலை, 42,000. கோவை குறிச்சியில் பம்ப் பாகங்கள் கடைகிற சிறிய நிறுவனம், 37,000. கேட்கிறவர்கள் எல்லாம் ஒரகடம் என்கிறார்கள். ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசத்தை யார்தான் விடுவார்கள் என்கிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், ஜூனில் பத்தாவது. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள், எந்த ஊருக்குப் போனாலும் வாடிக்கையைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

ஆனால் நான் கணக்குப் போடுவது வேறு. 2014இல் புனே பக்கம் சாக்கனில் வேலை பார்த்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. விமானம் பிடித்து மதுரையில் இறங்கி, காரில் வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் மாலை ஐந்து மணி. ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் புனேயை விட்டுவிட்டு இந்தப் பட்டறையில் சேர்ந்தேன்.

இப்போது அம்மாவுக்கு 71 வயது, மூச்சிரைப்பு உண்டு. எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். செண்பகவல்லி அம்மன் கோவிலையும் தன் வீட்டுத் திண்ணையையும் விட்டு வரமாட்டேன் என்கிறார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் இல்லை. ஆகவே கேட்கிறேன்: இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தால், இந்த மூன்று ஊர்களில் எதிலிருந்து விடிவதற்குள் கோவில்பட்டிக்கு வந்து சேர முடியும்? அந்த ஊரில் இருப்பவர்கள் சொன்னால் நம்புவேன்.

பதில்: ஓசூர்வாசி

தம்பி, நான் இங்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம்.

உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் நான்குவழிச் சாலை இருக்கிறதே, தேசிய நெடுஞ்சாலை 44, அதே சாலைதான் ஓசூருக்குள்ளும் வருகிறது. சேலம், நாமக்கல், கரூர், மதுரை என்று நேராக இறங்கிவிடலாம். பெங்களூரிலிருந்து தெற்கே போகிற இரவு பஸ்கள் எல்லாம் இந்த வழிதான். மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓசூரிலும் நிற்கும், கோவில்பட்டியிலும் நிற்கும். இரவு ஏறினால் காலையில் ஊர். ஆனால் தூரம் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். பதினொரு மணிக்குப் போன் வந்து, அதற்குப் பிறகு கிளம்பினால், விடிவதற்குள் வரமுடியாது. பொய் சொல்ல விரும்பவில்லை.

வேலைக்கு நல்ல ஊர். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து வரும் காய்கறி புதிதாகக் கிடைக்கும். ஊர் ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் இரவில் தூங்கலாம். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடிக்கும். அம்மா வந்து தங்குவதென்றால் அந்த இரண்டு மாதமும் வேண்டாம். வாடகை குறைகிறது என்று எல்லை தாண்டி அத்திப்பள்ளி பக்கம் மட்டும் வீடு பார்க்காதீர்கள். அங்கே பள்ளிப் பாடத்திட்டம் வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளையை அதில் சிக்க வைக்கக் கூடாது. ஓசூருக்குள் இருந்தால் அவள் இப்போது படிக்கிற அதே சமச்சீர்ப் புத்தகம்தான்.

பதில்: படப்பை நெல்லைக்காரன்

அண்ணாச்சி, வணக்கம். நான் ஒரகடத்தில்தான் வேலை பார்க்கிறேன். தென்மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு வந்த பிறகு எங்களுக்குப் பெரிய வசதி. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நேராகப் போய் ஏறிவிடலாம், கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸை தாம்பரத்தில் பிடித்தால் விடிவதற்கு முன் கோவில்பட்டி. ஆனால் அது மாலையிலேயே கிளம்பிவிடும் வண்டி. பதினொரு மணிக்கு பஸ்தான், ஒன்பது பத்து மணி நேரம் ஆகும்.

வீடு பார்த்தால் மழைக்காலத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று ஒருமுறை விசாரியுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். முன்பணமாக ஆறு மாதம், பத்து மாதம் வாடகை கேட்பார்கள். சட்டம் மூன்று மாதம் என்கிறது, பேசிக் குறைக்கலாம். இதையெல்லாம் கழித்தால் அந்த ஒன்பதாயிரத்தில் பெரிதாக மிஞ்சாது என்பது என் அனுபவம்.

பதில்: சிங்காநல்லூர் அக்கா

தம்பி, உங்களைவிட நான் மூத்தவள், அந்த உரிமையில் சொல்கிறேன். முப்பது வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து மதுரைக்கு இரவெல்லாம் பஸ் உண்டு. ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி போய் கோவில்பட்டி பஸ் ஏற வேண்டும். பதினொன்றரைக்கு ஏறினால் ஏழு, ஏழரைக்கு வீட்டில் இருப்பீர்கள். மூன்றில் இதுதான் குறைவு. குறிச்சியிலிருந்து சிங்காநல்லூரும் பக்கம்தான்.

ஆனால் மூச்சுத் திணறும் ஒரு பெண்மணிக்கு எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் ஒன்றே. முதல் அரை மணிதான் முக்கியம். அந்த அரை மணியில் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே இருக்கப்போவதில்லை. யார் இருப்பார்கள்? அதை ஏற்பாடு செய்தீர்களா? பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறதா? அம்மா இரவில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறாரா? போட்டால் சாவி இருந்தும் பயனில்லை. இன்ஹேலர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைச் சரியாக இழுக்கிறாரா என்று என்றைக்காவது உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் பார்த்த முதியவர்களில் நிறையப் பேர் மருந்தை வாய்க்குள்ளேயே விட்டுவிடுவார்கள், நுரையீரலுக்குப் போகவே போகாது. 108 எண்ணை அவரே அழுத்தத் தெரியுமா? உங்கள் ஊர் அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனை, அது உங்களுக்குப் பெரிய பலம்.

உங்கள் அப்பா விஷயத்தில் உங்கள் மேல் தவறில்லை, தம்பி. நீங்கள் கோவில்பட்டியிலேயே இருந்து அன்று இரவு ஷிப்டில் இருந்திருந்தாலும் இதே நிலைதான் வந்திருக்கலாம்.

கேட்டவர்: கரிசல்மண்

அக்கா, உங்கள் பதிலை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். அம்மா உள்தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறார். நான் ஒரே ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருடம் இதைக் கவனிக்கவில்லை. இன்று காலை பின்கதவுக்கு வெளியிலிருந்து திறக்கிற பூட்டு போட்டு, ஒரு சாவியை எதிர்வீட்டுச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். இன்ஹேலரை என் முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னேன். நீங்கள் சொன்னது போலவேதான், மருந்தை வாய்க்குள்ளேயே விட்டுவிடுகிறார்.

ஓசூர் அண்ணன், படப்பைத் தம்பி இருவருக்கும் நன்றி. இனி வேலையை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கோவை நிறுவனம் சிறியது, அதுவும் மூடினால் என்ன செய்வது என்பது ஒன்றுதான் தயக்கம்.

பதில்: ஓசூர்வாசி

அந்தத் தயக்கம் வேண்டாம். நான் ஓசூரை விட்டுக்கொடுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் விஎம்சி தெரிந்த கைக்குக் கோவையில் வேலை அடுத்த தெருவில் கிடைக்கும். குறிச்சியில் இல்லையென்றால் கணபதி, அங்கே இல்லையென்றால் பீளமேடு. வீட்டையோ பிள்ளையின் பள்ளியையோ மாற்ற வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய ஆலை ஆட்களைக் குறைத்தபோது என்னோடு இருந்த நான்கு பேர் ஊரையே மாற்றினார்கள். சம்பளத்தை மட்டும் 40,000 ஆக்கித் தருவீர்களா என்று கேளுங்கள். புரோகிராமும் எழுதுகிற செட்டர் அவர்களுக்கு எளிதில் கிடைக்கமாட்டார்.

கேட்டவர்: கரிசல்மண்

கேட்டேன். 39,000 தருகிறார்கள். ஜூன் முதல் வாரம் சேர்கிறேன். சிங்காநல்லூர் அக்கா, ஒரே ஒரு உதவி: குறிச்சிக்குப் பக்கத்தில், மகள் நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்வரும் தொலைவில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி எது?