மறு: "மெலிந்த உடல் நிறை" என்ற சொல் வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உடல் எடையில் கொழுப்பு போக மீதியை ஆங்கிலத்தில் lean body mass என்கிறார்கள். அதற்குத் தமிழில் "மெலிந்த உடல் நிறை" எனலாம் என்ற யோசனைக்கு என் பதில் இது. பெங்களூரு அல்சூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் தமிழர்கள் நிறைய. போன வாரம் ஒரு அம்மா உடல் பரிசோதனைத் தாளோடு வந்தார். எடை 64 கிலோ. அதில் கொழுப்பு 24, மீதி 40. அந்த 40ஐ "மெலிந்த உடல் நிறை" என்று வாசித்துச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நான் 40 கிலோவுக்கு இளைக்கணுமாம்மா?" என்றார்.

இந்தச் சொல்லைக் கைவிட எனக்கு அந்தக் கேள்வியே போதும். மெலிவு கண்ணுக்குத் தெரியும், இந்த நிறை தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் (BMI, உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 22.3. ஆனால் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இதில் யாரை மெலிந்தவர் என்பது?

> தசை நிறை என்றே சொல்லிவிடலாமே

ஐயா, எலும்பு, ரத்தம், கல்லீரல், தோல், தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிறை ஒரு கிலோ கூடும், தசை கூடாது. அப்புறம், "சதை" பக்கமே போக முடியாது. "சதை போட்டுட்டா" என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொழுப்பைத்தான்.

மண்டியில் சாக்கு எடை போக எவ்வளவு என்று கேட்கிறோம். வரவு செலவில் "செலவு நீங்கலாக" என்று எழுதுகிறோம். இதுவும் அதே கணக்குதான். எனவே "கொழுப்புநீங்கு நிறை" என்பது என் பரிந்துரை. "கொழுப்பற்ற நிறை" வேறு. அற்ற என்றால் துளியும் இல்லை. எலும்பு மஜ்ஜையிலும் நரம்பிலும் உறுப்புகளிலும் உள்ள இன்றியமையாக் கொழுப்பையும் கழித்துவிட்ட கணக்குக்கு அதை ஒதுக்கி வைப்போம். அமெரிக்க மருத்துவர் பென்கே 1940களில் முன்வைத்த lean body mass என்ற கருத்தில் அந்தச் சிறிதளவு கொழுப்பு உள்ளேயே இருக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது எடையைக் குறிக்கும். நாம் நிறை (mass) என்பது அங்கே திணிவு. எனவே அவர்கள் "கொழுப்புநீங்கு திணிவு" எனலாம். முன்பகுதி பொதுவாக இருந்தால் சரி. உடலைக் கொழுப்பு, மீதி என்று பிரித்துக் காட்டும் மொத்தப் பகுப்புக்கு (body composition) "உடல் இயைபு" பொருந்தும். உடலமைப்பு என்றால் தோற்றம்தான் நினைவுக்கு வரும்.

அந்த அம்மாவிடம் "கொழுப்பு போக உங்கள் உடம்பு 40 கிலோ" என்று மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அப்போ இந்த நாப்பது குறையக் கூடாதில்ல?" என்றார்.