தவக்காலப் பாடல்களுக்கு உதவி தேவை

இயேசுவுக்கே புகழ்! எங்கள் பங்கின் பாடகர் குழுவை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். சாம்பல் புதன் தொடங்கி 'உன்னதங்களிலே'யும் அல்லேலூயாவும் கிடையாது, சரி. சிக்கல் கருவிகளில்தான். தவக்காலத்தில் அவை பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும். 4ஆம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும்தான் விலக்கு. எங்கள் கீபோர்டு தம்பியோ இடையிசை இல்லாமல் கை வைக்க மாட்டான். போன ஞாயிறு காணிக்கைப் பாடலில் ரிதத்தைத் தட்டிவிட, சாமியார் பீடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தார்.

தபேலா இல்லாமலும் சுருதி இறங்காத, மக்களும் சேர்ந்து பாடக்கூடிய காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் இரண்டிரண்டு சொல்லுங்களேன். அப்புறம், பெரிய வியாழன் இரவு நற்கருணைப் பவனிக்கு உங்கள் கோயிலில் தமிழில் பாடுகிறீர்களா, லத்தீனிலா? குருத்து ஞாயிறுக்குள் ஒத்திகையை முடிக்க வேண்டும்.